கழுத்துக்கு எத்தனை பர்சென்ட் தேய்மானம்?

என் மச்சினனுக்குக் கழுத்தில் டிஸ்க் பிரச்னை. இந்த வரியைப் படித்ததுமே உங்கள் கை தானாகப் பிடரிக்குப் போயிருக்குமே? பரவாயில்லை, தடவிக்கொண்டே படியுங்கள். ஆபீசில் உட்கார்ந்து சம்பாதிக்கிற எல்லோருக்கும் பொதுவான சொத்து அது.

மச்சினனுக்கு வயது 34. வீடு மயிலாப்பூர், வேலை தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில். காலையில் பைக், தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்குள் சொருகிய செல்போன். ஆபீஸ் போனதும் பத்து மணி நேரம் லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்தபடி தவம். செப்டம்பர் வந்தால் டாக்ஸ் ஆடிட் சீசன். தவம் பதினாலு மணி நேரமாகும். கழுத்து வலிக்கிறது என்று நாலைந்து தடவை சொன்னான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்து வலிக்காத ஆடிட்டரை யார் பார்த்திருக்கிறார்கள்?

ஒருநாள் பனகல் பார்க் பக்கம் ஒரு பேங்குக்குப் போயிருக்கிறான். சாயங்காலம் வந்து அவன் சொன்னது இது:

"கதவுல 'தள்ளு'ன்னு போட்டிருந்தது அத்திம்பேர். வலது கைல ஃபைல், அதனால இடது கையால தள்ளினேன். நகரலை. ஒருவேளை இழுக்கணுமோன்னு போர்டை மறுபடி படிச்சேன். பின்னாடி வந்த பாட்டி ஒருத்தி ஒரே கையால தள்ளிட்டு உள்ள போயிட்டா!"

நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. "நடுவிரலும் மரத்துக் கிடக்கு" என்றான். சிரிப்பு நின்றது.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் சி-6, சி-7 என்று 5பி, 12பி பஸ் மாதிரி என்னவோ எழுதியிருந்தது. மாத்திரை, பிசியோதெரபி, ஓய்வு என்று மூன்று மாதம் போயிற்று. வலி கொஞ்சம் குறைந்தது. கையின் பலம் மட்டும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது. இரண்டு சர்ஜன்களைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஆபரேஷன் என்றார்கள். ஆனால் ஒருவர், "டிஸ்கை எடுத்துட்டு ரெண்டு எலும்பையும் ஒண்ணா இணைச்சிடலாம்" என்றார். இன்னொருவர், "செயற்கை டிஸ்க் வைக்கலாம், கழுத்து அசையும்" என்றார். இரண்டு எஸ்டிமேட்டுக்கும் நடுவே வித்தியாசம் லட்சக்கணக்கில்.

"மாப்பிள்ளை, நீங்க பத்திரிகைலல்லாம் எழுதறேள். பி.காம். வேற. எது நல்லதுன்னு கணக்கு போட்டுச் சொல்லுங்கோ" என்றார் மாமியார். அவர் என்னிடம் ஆலோசனை கேட்டது கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தப்பாகச் சொன்னால் அதுவே கடைசி என்பதும் தெரிந்தது. கணக்குப் போட உட்கார்ந்தேன்.

கொழுக்கட்டையும் பூரணமும்

கழுத்தில் ஏழு எலும்புகள். (ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான்!) முதல் இரண்டுக்கு நடுவே டிஸ்க் கிடையாது. அதற்குக் கீழே ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் ஒரு டிஸ்க். வெளியே நார், உள்ளே கொழகொழ. நம்ம ஊர் பாஷையில் கொழுக்கட்டை. மேல்மாவு விண்டு பூரணம் பின்பக்கமாகப் பிதுங்கினால், அங்கே கைக்குப் போகும் நரம்பின் வேர் இருக்கிறது. அதை அழுத்தும். ஆறாவது எலும்புக்கும் ஏழாவதுக்கும் நடுவே பிதுங்கினால் வழக்கமாக மாட்டுவது ஏழாம் நரம்பு. நடுவிரல் மரத்துப் போவதும், முழங்கையை நீட்டித் தள்ளும் தசை பலம் இழப்பதும் அதனால்தான். பேங்க் கதவு ரகசியம் இதுதான்.

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்து இருக்கும்வரை கழுத்துக்கு அவ்வளவுதான் பாரம். 2014ல் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு சர்ஜன் ஒரு கம்ப்யூட்டர் மாடல் போட்டுப் பார்த்தார். தலையை 60 டிகிரி கவிழ்த்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 27 கிலோ என்று வந்தது. ஓர் அரிசி மூட்டை, கூடவே இரண்டு கிலோ துவரம்பருப்பு! செல்போன் பார்த்தாலே டிஸ்க் பிதுங்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வயசும் பரம்பரையும் இந்தக் கம்பெனியில் பெரிய பார்ட்னர்கள்.

டாக்டர்கள் இதைத் 'தேய்மானம்' என்கிறார்கள். அட, நம்ம சப்ஜெக்ட்! ஃபேன், நாற்காலி, கட்டடம் என்று எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதித்தானே நான் டிகிரி வாங்கினேன். கழுத்தில் ஒரு சிக்கல், அங்கே 'ரிப்பேர் அண்டு மெயின்டனன்ஸ்' கணக்கு ரொம்பச் சின்னது. டிஸ்கின் உட்பகுதிக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டு வழியாகக் கசிந்து வருவதுதான் சாப்பாடு. இந்தக் கசிவு எப்படி நடக்கிறது என்று இடுப்பு டிஸ்குகளில் ஸ்கேன் எடுத்துக் காட்டியதற்காக 2004ல் சர்வதேசப் பரிசு வாங்கியவர் நம்ம கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி டாக்டர் எஸ்.ராஜசேகரன்.

எல்லாருக்கும் கத்தி வேண்டாம்

பிடரியைத் தடவிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் ஊரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு அழுத்தத்தால் கை வலி வந்த 561 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஆபரேஷன் தேவைப்பட்டது 26 சதவீதம் பேருக்குத்தான். கடைசியாகப் பார்த்தபோது சுமார் 90 சதவீதம் பேர் ஒன்றுமே இல்லாமலோ, லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். 1994ல் வெளியான இந்த ஆய்வை முன்னின்று எழுதியவர் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட்டின் டாக்டர் கே.ராதாகிருஷ்ணன். பிதுங்கிய பூரணம் பல பேருக்குத் தானாகவே சுருங்கிவிடுகிறது. ஆகவே வலி மட்டும் என்றால் முதல் மருந்து பொறுமை.

பொறுக்கக் கூடாத கேஸும் உண்டு. கையின் பலம் நாளுக்கு நாள் குறைவது, சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாட்டில் கோளாறு... இவையெல்லாம் டாக்டரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள். அதிலும் பட்டனும் நடையும் தடுமாறினால் நசுங்குவது தண்டுவடமாகவே இருக்கலாம். என் மச்சினன் முதல் அறிகுறியிலேயே மாட்டிக்கொண்டவன்.

"கழுத்துல போய் கத்தி வைக்கறதாவது!" என்று மாமியார் அழுதார். கழுத்தறுப்பு என்ற வார்த்தையை அன்றிலிருந்து நான் ஜோக்குக்குப் பயன்படுத்துவதில்லை.

எஃகு குண்டிலிருந்து...

ஆபரேஷன் பெரும்பாலும் முன்பக்கமாக. பின்பக்கம் போனால் தண்டுவடம் குறுக்கே நிற்கும். முன்கழுத்தில் சின்னதாகக் கீறி, மூச்சுக் குழாயையும் உணவுக் குழாயையும் ஓரம் தள்ளி, மைக்ராஸ்கோப் வைத்து டிஸ்கை எடுத்துவிடுவார்கள். 1950களில் அமெரிக்காவில் ஸ்மித், ராபின்சன் என்ற இருவரும், ஹவாய்த் தீவில் க்ளோவர்ட் என்ற சர்ஜனும் காட்டிய வழி இது. காலியான இடத்தில் எலும்புத் துண்டோ கூண்டோ வைத்து, பெரும்பாலும் ஒரு பிளேட்டும் அடித்து, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒன்றாக்கிவிடுவது 'இணைப்பு'. இன்றுவரை நன்றாக ஓடுகிற பழைய அம்பாசடர்.

அசைகிற இடத்தை ஏன் பூட்ட வேண்டும் என்று சிலர் யோசித்தார்கள். ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ராம் என்பவர் டிஸ்க் இருந்த இடத்தில் எஃகு குண்டை வைத்தார். ஆம், பால்பேரிங் மாதிரிதான். 1964ல் தென்னாப்பிரிக்காவில் கழுத்துக்கும் வைத்துப் பார்த்தார்கள். குண்டு எலும்புக்குள் புதையத் தொடங்கியதால் கடையைக் கட்டினார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து டாக்டர் கம்மின்ஸ், ஆஸ்பத்திரிப் பட்டறையிலேயே ஒரு எஃகு மூட்டு செய்து, 20 பேருக்கு வைத்து, 1998ல் ரிசல்ட் வெளியிட்டார். அந்த வம்சத்தில் வந்த பிரெஸ்டீஜ் டிஸ்குக்கு 2007ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. (குக்கர் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாமியார் கேட்டார்.)

அசலும் வட்டியும்

மூன்றாவது அபிப்பிராயத்துக்கு அடையாறில் ஒரு ரிட்டயர்டு நியூரோசர்ஜனைப் பார்த்தோம். நம்ம ஊருக்கு இந்த வைத்தியம் புதிதல்ல. 1950லேயே சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நியூரோசர்ஜரியைத் தொடங்கியவர் டாக்டர் பி.ராமமூர்த்தி, பிற்பாடு அடையாறு வி.ஹெச்.எஸ்.ஸிலும் அதற்கென்று ஒரு மையம் அமைத்தார். நாங்கள் பார்த்த பெரியவரும் அந்தக் காலத்து ஆள். ஃபீஸ் வாங்கவில்லை, காபி கொடுத்தார்.

"செயற்கை டிஸ்க் வெச்சாத்தான் கை வலி போகுமா சார்?" என்றேன்.

"கை வலி எதனால போகுது? நரம்பு மேல இருக்கிற அழுத்தத்தை எடுக்கறதால. அது ரெண்டு ஆபரேஷன்லயும் ஒண்ணுதான். எடுத்த இடத்துல என்ன வைக்கிறோம்கிறதுதான் வித்தியாசம்."

"அப்ப இணைச்சா கழுத்து திரும்பாதா?"

"திரும்பும். இடம் வலமாத் திரும்பறதுல பாதி வேலையைச் செய்யறது மேல இருக்கிற முதல் ரெண்டு எலும்பு. ஒரு இடத்தை இணைச்சா கழுத்து ஒண்ணும் கம்பமாயிடாது."

எங்கள் மந்தைவெளி மாமா ஒருவருக்கு இணைப்பு செய்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. லஸ் கார்னர் நெரிசலில் திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பவர். மாமியார் அவரை வீட்டுக்கு வரவழைத்து, "இந்தப் பக்கம் பாருங்கோ, இப்ப அந்தப் பக்கம்" என்று டெஸ்ட் வைத்தார். பாஸ். ஆனால் ஒரு வருஷமாக மேல் டிஸ்க் தகராறு செய்கிறது என்றார் மாமா. "வயசா, பிளேட்டா, யாருக்குத் தெரியும்?"

விவகாரமே அங்கேதான். ஒரு இடத்தைப் பூட்டினால் அங்கே நடந்த அசைவின் பாரம் பக்கத்து டிஸ்குகள் மேல் விழுகிறது என்பது ஒரு கட்சி. 374 பேரைத் தொடர்ந்து பார்த்து 1999ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இணைப்பு செய்தவர்களில் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் பேருக்குப் பக்கத்து இடத்தில் புதிதாகத் தொந்தரவு வந்ததையும், பத்து வருஷத்தில் அது கால்வாசிப் பேர் வரை போகலாம் என்பதையும் சொன்னது. 'அது வயசுக்கே உரிய தேய்மானம், இணைப்பின் மேல் பழி போடாதீர்கள்' என்பது எதிர்க்கட்சி.

பிரெஸ்டீஜ் டிஸ்கை இணைப்போடு ஒப்பிட்டு 541 பேரிடம் நடந்த சோதனையில், ஏழு வருஷத்தில் அதே இடத்தில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது செயற்கை டிஸ்க்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 5 பேர். இணைப்புக்காரர்களில் சுமார் 14. மோபி-சி என்ற டிஸ்கை அடுத்தடுத்து இரண்டு இடத்தில் வைத்த சோதனையில் சுமார் 4, சுமார் 16. இது பெரிய வித்தியாசம்தான்.

ஆனால் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ஆடிட்டருக்குச் சம்பளம் யார் கொடுத்தது என்று பார்த்தேன். இந்தச் சோதனைகளுக்குப் பணம் போட்டவை டிஸ்க் தயாரித்த கம்பெனிகளே! நெதர்லாந்தில் சுமார் நூறு பேரிடம் வேறு மாதிரி செய்தார்கள். டிஸ்கை எடுத்து ஒன்றும் வைக்காமல் விட்டது, இணைத்தது, செயற்கை டிஸ்க் வைத்தது என்று மூன்று கோஷ்டி. யாருக்கு எது என்று நோயாளிக்கே தெரியாது. 2019ல் வெளியான ரிசல்ட்: இரண்டு வருஷ முடிவில் மூன்று கோஷ்டிக்கும் வித்தியாசம் இல்லை.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் எனக்கு வந்த விடை இது. கை வலி போவது அசல். அது இரண்டு ஆபரேஷனிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கிடைக்கிறது. அசைவு என்பது வட்டி. இரண்டு வருஷத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஏழு, பத்து வருஷத்தில் மறு ஆபரேஷன் குறைவதாக வந்தால் வந்தது. வட்டி நிச்சயமும் இல்லை. சில பேருக்குச் செயற்கை டிஸ்கைச் சுற்றி எலும்பு வளர்ந்து தானாகவே பூட்டிக்கொள்கிறது. எலும்பு மெலிந்தவர்கள், பின்பக்க மூட்டுகள் தேய்ந்தவர்கள், கழுத்தெலும்பு நிலைகுலைந்தவர்கள் ஆகியோருக்கு டெபாசிட்டே கிடையாது. அவர்களுக்கு இணைப்புதான் நல்லது.

ரசம் சாதம் இறங்கவில்லை

மச்சினனுக்கு வயது குறைவு, ஓரே இடம்தான், மற்ற மூட்டுகள் சுத்தம். இன்னும் முப்பது வருஷம் லேப்டாப் முன்னால் உட்கார வேண்டியவன். "வட்டிக்கு ஆசைப்படலாம்" என்று அபிப்பிராயம் சொன்னேன். இன்ஷூரன்ஸ் ஒரு பகுதி, மாமனார் ஃபிக்சட் டெபாசிட் ஒரு பகுதி. ஃபாரத்தில் அவன் கையெழுத்துப் போட்டபோது சாட்சியாக நானும் போட்டேன். என் கை நடுங்கியது. அவன் கை நடுங்கவில்லை.

சாயங்காலம் மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "கை வலி இல்லை." சொன்ன குரல்தான் அவனுடையது இல்லை. கரகரவென்று யாரோ பழைய வில்லன் நடிகர் மாதிரி. குரல்வளை நரம்பு இழுபட்டால் இப்படி ஆகுமாம். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். இட்லி இறங்கவில்லை. ரசம் சாதம்கூட இறங்கவில்லை. உணவுக் குழாயை ஓரம் தள்ளியதன் பலன். சில நாள், சில பேருக்குச் சில வாரம் இருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மாமியாருக்கு அது ஞாபகம் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! பத்து நாள் அந்த வீட்டில் எனக்கு யாரும் காபி வேணுமா என்று கேட்கவில்லை. எனக்கும் தூக்கமில்லை. வட்டி, அசல் என்று ஜோக்கடித்து அடுத்தவன் கழுத்தில் கைவைத்துவிட்டோமோ என்று இருட்டில் பயமாக இருந்தது.

பதினோராம் நாள் அவன் தயிர் சாதத்தோடு மாவடு கேட்டான். எனக்குக் காபி வந்தது.

50க்கு எத்தனை?

ஆபரேஷன் வெற்றியா என்பதை அளக்க ஒரு மார்க் ஷீட்டே உண்டு. 1991ல் கனடாவில் வெர்னன், மியோர் என்ற இருவர் வெளியிட்ட கேள்வித்தாள். வலி, குளிப்பது உடுப்பது, பளு தூக்குவது, படிப்பது, தலைவலி, கவனம், வேலை, வண்டி ஓட்டுவது, தூக்கம், பொழுதுபோக்கு என்று பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க். மொத்தம் 50. மார்க் ஏற ஏற நிலைமை மோசம். சைபர் வாங்கினால்தான் ஃபர்ஸ்ட் ரேங்க். மச்சினன் ஆபரேஷனுக்கு முன் வாங்கியது 31. ஆறு வாரத்தில் 14. ஆறு மாதத்தில் 6. கையின் பலம் மெதுவாகத்தான் திரும்பியது. விரல் மரத்தது இன்னும் கொஞ்சம் மிச்சம். நரம்புக்கு அவசரம் தெரியாது.

உங்களுக்கோ உங்கள் மச்சினனுக்கோ இந்த நிலை வந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை நாலு:

1. ஆபரேஷன் இப்போதே தேவையா, ஆறு வாரம் பொறுத்தால் நஷ்டம் உண்டா?

2. நசுங்குவது நரம்பா, தண்டுவடமா?

3. என் கழுத்துக்குச் செயற்கை டிஸ்க் பொருந்துமா? பொருந்தாது என்றால் எதனால்?

4. இதுவரை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேர் மறுபடி டேபிளுக்கு வந்தார்கள்?

நாலாவது கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆறாம் மாத செக்கப்பில் நான் சர்ஜனைக் கேட்டேன்: "கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு வட்டி வருமா டாக்டர்?" எக்ஸ்ரேயில் டிஸ்க் அசைவதைக் காட்டினார். "இப்ப நல்லா இருக்கு. மீதியை பத்து வருஷம் கழிச்சு வந்து கேளுங்க" என்றார். நேர்மையான மனிதர்.

போன வாரம் மச்சினன் போன் செய்தான். (ஹெல்மெட்டுக்குள்ளிருந்து இல்லை, அந்த வழக்கத்தை மாமியார் ஒழித்துவிட்டார்.)

"அத்திம்பேர், இன்னிக்கு அதே பேங்க். இடது கையால தள்ளினேன். திறந்துடுத்து!"

"சபாஷ்! உள்ள போனியா?"

"இல்லை. அந்தப் பாட்டி வராளான்னு வாசல்லயே அஞ்சு நிமிஷம் கதவைப் பிடிச்சுண்டு நின்னேன்."